கல்லூரிச் சேர்க்கை நேர்முகக் குழுவினருக்கு மேல்மலையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 19 ஆண்டுகளாக இயற்பியல் கற்பித்து வரும் முதுகலை ஆசிரியை நான். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த மறுநாளே, எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, ஒரு பக்கம் நானும் தமிழாசிரியரும் உட்கார்ந்துகொண்டு, எதிர்ப்பக்கம் பிள்ளைகளை ஒவ்வொருவராக வரவழைத்து, நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகளைக் கேட்டுப் பழக்குகிறோம். உங்கள் நாற்காலியில் கொஞ்ச நேரமாவது உட்கார்ந்து பார்த்தவள் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். இதில் உங்கள் மீதான குறையும் இருக்கிறது. அதைவிடப் பெரிதாக என் தவறு ஒன்றும் இருக்கிறது.

எந்த நேர்முகத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் கலந்தாய்வையும் ‘இன்டர்வியூ’ என்றுதான் சொல்கிறார்கள். பொறியியல் சேர்க்கைக்கு 2007-08 கல்வியாண்டு முதல் மாநில நுழைவுத்தேர்வு கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணே வரிசையைத் தீர்மானிக்கிறது. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளிலும் மதிப்பெண் தரவரிசைப்படிதான் இடம். அங்கெல்லாம் பிள்ளை வாய் திறக்க வேண்டிய தேவையே இல்லை. அது தெரியாமல், கலந்தாய்வுக்குப் புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, இரவெல்லாம் பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு போய், சான்றிதழை மட்டும் சரிபார்த்து அனுப்பிவிட்டார்களே என்று ஏமாற்றத்தோடு திரும்பிய பையன்களையும் பார்த்திருக்கிறேன். இந்த மடல் அந்த மேசைகளுக்கானது இல்லை. சமூகப்பணி, காட்சித் தொடர்பியல், உளவியல், வடிவமைப்பு போன்ற படிப்புகளுக்கும், உதவித்தொகையோடு விடுதியில் தங்கிப் படிக்கும் இடங்களுக்கும், மதிப்பெண் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல் பிள்ளையை உள்ளே அழைத்து, பத்து நிமிடம் பேசவைத்து முடிவெடுக்கும் குழுக்களுக்கே இதை எழுதுகிறேன். அந்த முறையே கூடாது என்று நான் நினைக்கவில்லை. மதிப்பெண்ணில் தெரியாத ஒன்றைத் தேடுகிறீர்கள் என்பது மதிக்கத்தக்க நோக்கம்தான். அது உங்கள் கண்ணில் படாதபடி நானே மூடி மறைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் என் கவலை.

சில ஆண்டுகளுக்கு முன் பூம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி எங்கள் பள்ளியில் படித்தாள். தாவரவியல் படிக்க விண்ணப்பித்திருந்தாள். வீட்டில் பூண்டு விவசாயம். அடுப்புக்கு மேலே பரண் கட்டி, விதைப்பூண்டைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டுப் புகை போடுவது அந்த வீட்டில் அவள் பொறுப்பு. எந்தக் கொத்தை எந்தக் கம்பிலிருந்து எந்தக் கம்புக்கு மாற்ற வேண்டும், எது புகை அதிகம் குடித்துவிட்டது, எது இன்னும் ஈரம் விடவில்லை என்பதைக் கட்டைவிரலால் ஒரு பல்லை அழுத்திப் பார்த்துச் சொல்லிவிடுவாள். வடுகபட்டி மண்டிக்கு அப்பாவோடு மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து லாரியில் போய்வந்தவள். வியாபாரி பூண்டைக் கையில் எடுத்து உருட்டும் விதத்தைப் பார்த்தே அன்றைக்கு விலை ஏறுமா இறங்குமா என்று ஊகித்துவிடுவாளாம். பதினொன்றாம் வகுப்பில் ஒரு நாள், வெப்பம் பரவுவதைப் பற்றி நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, “புகை போட்ட பூண்டு சீக்கிரம் முளைக்காதே டீச்சர், அது சூட்டினாலயா, புகையினாலயா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தாவரவியல் ஆசிரியரிடம் அனுப்பினேன். அவரும் சூட்டையும் புகையையும் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்தால்தான் தெரியும் என்றார். அவள் உண்மையாகவே இரண்டு கொத்துகளைப் புகை படாமல் அடுப்புச் சூட்டில் மட்டும் வைத்துப் பார்த்தாள். வீட்டில் விதை வீணாகிறது என்று திட்டு வாங்கியதால் பாதியில் விட்டுவிட்டாள்.

இப்படிப்பட்ட பெண்ணை மே மாதத்தில் என் மேசைக்கு எதிரே உட்காரவைத்து, “உன் பொழுதுபோக்கு என்ன?” என்று கேட்டேன். “பூண்டுக்குப் புகை போடுவேன் டீச்சர்” என்றாள். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். “அது வீட்டு வேலைம்மா, பொழுதுபோக்குன்னு கேட்டா வாசிப்புன்னு சொல்லு” என்று திருத்தினேன். பலம் என்ன என்றால் தன்னம்பிக்கை, பலவீனம் என்ன என்றால் எல்லாவற்றையும் முழுமையாகச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம், ஐந்து ஆண்டுகளில் எங்கே இருப்பாய் என்றால் ஆராய்ச்சி மாணவியாக என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் எழுதிக் கொடுத்தேன். மூன்று நாளில் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள்.

நேர்முகத்தில் பொழுதுபோக்கு கேட்கப்பட்டது. வாசிப்பு என்றாள். கடைசியாக வாசித்த புத்தகம் எது என்றார்கள். பாடநூலைத் தவிர அவள் வீட்டில் வேறு புத்தகம் இல்லை. பேசாமல் நின்றாள். குழுவில் ஒருவர் பரிவோடுதான், “பரவாயில்லைம்மா, போயிட்டு வா” என்று சொன்னாராம். அந்தக் கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. அவர்கள் கேட்டதில் தவறும் இல்லை. பொய்யைச் சொல்லிக்கொடுத்தவள் நான். திரும்பி வந்த அன்று, “பூண்டைப் பத்தியே சொல்லியிருக்கலாமோ டீச்சர்?” என்று கேட்டாள். பதினொன்றாம் வகுப்பில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாததைவிட இந்தக் கேள்விக்கு வாயடைத்துப் போனதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக முயன்றது எங்கள் மலையிலேயே இருக்கும், 1984இல் நிறுவப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். ஒரு பல்கலைக்கழகம் சென்னையில் இருக்கும் பதிவகம் வரை கொண்டுபோய் வாதாடி நிலைநாட்டும் அளவுக்கு மதிப்புள்ள ஒரு பயிர், அதை விளைவிக்கும் வீட்டுப் பெண்ணின் வாயிலிருந்து ஒரு கல்லூரி அறையில் வெளியே வர முடியாமல் போனது எப்படி என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பொழுதுபோக்கு என்ற சொல்லிலேயே பாதி விடை இருக்கிறது. பள்ளி விட்டதும் மாட்டுக்குப் புல் அறுக்கவும், கேரட் கழுவவும், தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் போகிற பிள்ளைக்குப் போக்குவதற்குப் பொழுது ஏது? அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, “பள்ளி முடிந்து வீட்டுக்குப் போனதும் என்ன செய்வாய், அதை எப்படிச் செய்வாய் என்று சொல்” என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் பேசுவதை நீங்கள்தான் நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும்.

“உன்னைப் பற்றிச் சொல்” என்ற முதல் கேள்வியும் இதே வகை. நகரத்துப் பள்ளிகளில் சிறு வயதிலிருந்தே மேடையேறித் தன்னை அறிமுகப்படுத்திப் பழகிய பிள்ளைக்கு அது எளிதான தொடக்கம். எங்கள் வீடுகளில் பெரியவர்கள் முன்னால் ‘நான்’ என்று ஆரம்பித்து நான்கு வாக்கியம் பேசினால் அதற்குத் தற்பெருமை என்று பெயர். அதனால் பிள்ளைகள் ‘நாங்க’ என்றுதான் பேசுவார்கள்: நாங்க பீன்ஸ் போட்டிருக்கோம், நாங்க காட்டெருமைக்குக் காவல் இருந்தோம். இதில் அவன் செய்தது எது, குடும்பம் செய்தது எது என்று பிரித்தறிய உங்களுக்குச் சிரமமாக இருக்கும். “அதில் நீ என்ன செய்தாய் தம்பி?” என்று இன்னொரு கேள்வி கேட்டால் போதும், சொல்லிவிடுவான். கண்ணைப் பார்த்துப் பேசாததைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று குறித்துக்கொள்வதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஆசிரியரிடமும் அதிகாரியிடமும் பேசும்போது பார்வையைத் தாழ்த்திக்கொள்வதே மரியாதை என்று கற்று வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். நிமிர்ந்து பார் என்று நான் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தால், இமைக்காமல் உங்களை முறைத்துப் பார்க்கிறார்கள். அது இன்னும் கேடு.

எல்லாக் குழுக்களும் ஒரே மாதிரி என்று சொன்னால் அது நியாயமாகாது. மன்னவனூர்ப் பக்கத்து மாணவன் ஒருவன் இயற்பியல் படிப்புக்காக ஒரு நேர்முகத்துக்குப் போனான். “இயற்பியல் என் சிறுவயதுக் கனவு” என்று நான் எழுதிக்கொடுத்த வாக்கியத்தோடுதான் அவனும் போனான். அதைக் கேட்டதும் ஒரு பேராசிரியை, “அது இருக்கட்டும், உனக்கு விடை தெரியாத கேள்வி ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டிருக்கிறார். அவன் வெகுநேரம் யோசித்தானாம், அவர் அவசரப்படுத்தவில்லையாம். எட்டாம் வகுப்பில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு எங்கள் பள்ளியிலிருந்து கூட்டிப்போயிருந்தோம். அன்று மேகம் மூடி ஒன்றும் தெரியவில்லை. அதை நினைவில் வைத்துக்கொண்டு, “எப்பப் பார்த்தாலும் மேகமா இருக்கிற ஊர்ல சூரியனைப் பார்க்கிற இடத்தை ஏன் கட்டினாங்க?” என்று திருப்பிக் கேட்டிருக்கிறான்.

நல்ல கேள்வி அது. 1870களின் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, மழையின் போக்குக்கும் சூரியனுக்கும் தொடர்பு இருக்குமா என்று அறியச் சூரியனைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற கருத்து வலுத்தது. நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டு ஆராய்ந்த பிறகே இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து 1899இல் ஆய்வகத்தைத் தொடங்கினார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைப் பிரிட்டிஷ் வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது இங்கேதான். மேகம் ஏறுவதற்கு முந்தைய காலை நேரத்து வானம் எவ்வளவு துலக்கமானது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; பையனும் அதைத்தான் யோசித்து யோசித்துத் தானே சொன்னானாம், “காலைல ஒன்பது மணி வரைக்கும் நல்லா இருக்கும் மேடம், நாங்க போனது மதியம்.” அவனுக்கு இடம் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தாலும் அந்தப் பேராசிரியைக்கு நான் நன்றி சொல்லியிருப்பேன். என் பயிற்சியின் கீழே புதைந்து கிடந்த பையனைத் தோண்டி எடுத்தவர் அவர்.

மொழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நேர்முகம் எந்த மொழியில் நடக்கும் என்பதை அழைப்பிலேயே எழுதுங்கள். படிப்பு ஆங்கிலத்தில்தான் என்றால் பிள்ளையின் ஆங்கிலத்தைச் சோதிப்பது உங்கள் உரிமை. அதைத் தனியாக, பத்து வரி வாசிக்கவைத்தோ எழுதவைத்தோ சோதியுங்கள். அறிவைச் சோதிக்கும் கேள்வியைத் தமிழிலேயே கேளுங்கள். இரண்டையும் ஒரே கேள்வியில் கலக்கும்போது, ‘யெஸ் சார்’ என்ற இரண்டு சொல்லுக்குள் ஒரு பிள்ளை ஒளிந்துகொள்கிறது.

அறைக்குள் நுழைவதற்கு முன்பே எங்கள் பிள்ளைகள் தோற்கும் இடம் ஒன்று இருக்கிறது. அது உங்கள் கவனத்துக்கு வந்திருக்க வாய்ப்பில்லை. விண்ணப்பத்தை வீட்டிலிருந்து நிரப்புகிறவர்கள் இங்கே குறைவு. கொடைக்கானலுக்கு இறங்கி வந்து, ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நிரப்புகிறார்கள். ஓ.டி.பி. வர வேண்டுமே, வீட்டிலிருக்கும் கைபேசிக்கு ஊரில் சிக்னல் நிலையில்லையே என்று, கடைக்காரர் தன் எண்ணையே போட்டுவிடுகிறார். அதன் பிறகு நீங்கள் அனுப்பும் நேர்முக அழைப்பு அவருக்குப் போகிறது. அவர் நல்லவர்தான்; ஆனால் அவருடைய கைபேசியில் எழுபது பிள்ளைகளின் செய்திகள் கிடக்கும். “நாளை மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அசல் சான்றிதழ்களுடன் வரவும்” என்ற குறுஞ்செய்தியை ஒரு மாணவியின் அப்பா, அந்த நாள் முடிந்த பிறகு கேரட் விதை வாங்க வந்த இடத்தில் தற்செயலாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

செய்தி உரிய நேரத்தில் கிடைத்தாலும் பயணம் இருக்கிறது. தேர்வு முடிவு 2024இல் மே 6ஆம் தேதி வந்தது, 2025இல் மே 8ஆம் தேதி வந்தது. உங்கள் நேர்முகங்கள் அதையடுத்த வாரங்களில் நடக்கின்றன. அது எங்கள் மலையில் சீசன் காலம், மலர்க் கண்காட்சிக் காலம். 2024 மே 7 முதல் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்திருந்தும், சனி ஞாயிறுகளில் பெருமாள்மலையில் வண்டிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் பேருந்து எப்போது வத்தலக்குண்டு போய்ச் சேரும் என்று ஓட்டுநராலும் சொல்ல முடியாது. கிளாவரை, கவுஞ்சியிலிருந்து வருகிற பிள்ளை முதலில் கொடைக்கானல் வந்து சேரவே பாதி நாள் ஆகிவிடும். காலை ஒன்பது மணி நேர்முகம் என்றால் முந்தைய நாளே புறப்பட்டு, இரவைப் பேருந்து நிலையத்தில் கழித்து, அங்கேயே முகம் கழுவிக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நிற்கிறார்கள். சோர்ந்து தெரிகிறான், ஆர்வமில்லை என்று எழுதுவதற்கு முன்னால் எந்த ஊரிலிருந்து எப்போது கிளம்பினான் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஏழு நாளாவது முன்கூட்டித் தெரிவியுங்கள். தொலைவிலிருந்து வருகிறவர்களுக்குப் பிற்பகல் நேரம் கொடுங்கள். செய்தியைப் பள்ளித் தலைமையாசிரியருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மூன்றும் காசு செலவில்லாதவை.

இணையவழியில் நடத்தினால் இந்தச் சிக்கல் தீரும் என்று சிலர் நினைக்கிறீர்கள். தீருவதில்லை, இடம் மாறுகிறது. போன வருடம் ஒரு மாணவன் சிக்னல் கிடைக்கும் சாலை வளைவில் நின்றுகொண்டு பேசினான். குழுவில் ஒருவர், “பின்னால் ஏதோ திரை போட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிடு” என்றாராம். அது மூடுபனி.

அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்வியையும் யோசித்துப் பாருங்கள். விண்ணப்பத்திலேயே இருக்கிற தகவல் அது. அதைப் பிள்ளையின் வாயால் சொல்லவைப்பதால் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. பிள்ளையின் குரல் மட்டும் தாழ்ந்துவிடுகிறது, அதன் பிறகு அந்தப் பத்து நிமிடத்தில் அது பழைய நிலைக்கு வருவதேயில்லை. எங்கள் மலையின் பழங்குடியினரான பளியர் வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்விக்குப் பின்னால் வரும் துணைக்கேள்விகள் (காட்டுக்குள்ளேயா இருக்கிறீர்கள், தேன் எடுப்பீர்களா) ஆவலில் கேட்கப்படுபவை என்றே எடுத்துக்கொள்கிறேன். கேட்கிற ஆவலில், அந்தப் பிள்ளை எந்தப் படிப்புக்கு வந்திருக்கிறது என்பது மறந்துபோய்விடுகிறது.

பூண்டு வீட்டில் வளர்ந்த பெண்ணின் நேர்முகத்தை நான் கெடுத்தேன் என்றால், வீட்டு வேலையைப் பற்றிக் கேளுங்கள் என்று உங்களிடம் சொல்வதில் மட்டும் என்ன நியாயம், நாளைக்கு அதையும் மனப்பாடம் செய்யவைத்துத்தானே அனுப்புவாய் என்று நீங்கள் கேட்கலாம். ஆபத்து உண்டு. நான் அதற்கு வழி தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த ஆண்டு எழுதிக்கொடுத்த பதில்கள் எதுவும் கிடையாது. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்துவர வேண்டும்; அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும்; நாங்கள் இடையிடையே ஏன், எப்படி என்று குறுக்கிட்டுக்கொண்டே இருப்போம். போன மாதம் முன்னோட்டமாகச் செய்து பார்த்தபோது ஒருவன் களைக்கொத்தியைக் கொண்டுவந்தான். பிடியை ஏன் கொஞ்சம் வளைவாக வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னான். “தெரியலைன்னு சொல்லுடா, அப்புறம் என்னவா இருக்கும்னு நினைக்கிறேன்னு சொல்லு” என்றார் தமிழாசிரியர். இந்த இரண்டு வாக்கியங்களைச் சேர்த்துச் சொல்லப் பழக்குவதற்கு எங்களுக்கு ஒரு முழு மதியம் ஆனது. ‘தெரியவில்லை’ என்று ஒரு பிள்ளை சொல்லும்போது உங்கள் மதிப்பீட்டுத் தாளில் அதற்கு என்ன போடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரிந்தால், இன்னும் துணிச்சலோடு பழக்குவேன். எதை எதற்காகப் பார்க்கிறீர்கள், எந்த வகைக் கேள்விகள் வரும் என்பதை விண்ணப்பக் கையேட்டில் ஒரு பக்கம் அச்சிட்டுவிடுங்கள். பெருநகரத்துப் பயிற்சி மையங்களுக்கு அது ஏற்கெனவே தெரியும், தெரியாதது எங்களுக்குத்தான்.

வரும் மே மாதம், தேர்வு முடிவு வந்த மறுநாள், வழக்கம்போல அதே ஆய்வுக்கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போடுவோம். எங்கள் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு நாற்காலியும் போட்டு வைப்பதாக இருக்கிறோம். உங்களில் யாராவது ஒருவர் வந்து அதில் உட்கார்ந்து, உங்கள் கேள்விகளையே எங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். கொடைக்கானலிலிருந்து காலைப் பேருந்தில் ஏறினால் பகல் உணவுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடலாம். மே மாதம்தானே என்று நினைத்து வந்துவிடாதீர்கள். மாலையில் ஸ்வெட்டர் வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
முதுகலை ஆசிரியை (இயற்பியல்),
கொடைக்கானல் மேல்மலை.